பால்டிமோர், மே 2019: ஒரு மாநகராட்சி சிஐஓ-வின் வாரம்

2019 மே மாதம் பிறந்தபோதே அமெரிக்காவின் பால்டிமோர் மாநகராட்சி ஆட்டம் கண்டுதான் இருந்தது. மேயர் கேத்தரின் பியூ, தான் எழுதிய குழந்தைகள் புத்தகங்களை மொத்த மொத்தமாக விற்ற விவகாரத்தில் மாட்டிக்கொண்டு மே 2ஆம் தேதி ராஜினாமா செய்தார். அதற்கு முன் ஒரு மாதமாகப் பொறுப்பு மேயராக இருந்த பெர்னார்ட் ‘ஜாக்’ யங் முழு மேயரானார். அவர் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள், மே 7 செவ்வாய்க்கிழமை காலை, மாநகராட்சியின் மெயில் நின்றுபோனது. விஷயம் மெயிலோடு நிற்கவில்லை என்பது கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. கணினிகளில் ஒரு மிரட்டல் கடிதம் உட்கார்ந்திருந்தது. உங்கள் கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டோம், ஒரு கணினியைத் திறக்க 3 பிட்காயின், மொத்தத்தையும் திறக்க 13 பிட்காயின். நாலு நாள் தாண்டினால் விலை ஏறும், பத்து நாள் தாண்டினால் எதுவும் திரும்பக் கிடைக்காது, எஃப்பிஐ-யைக் கூப்பிட்டால் பேச்சுவார்த்தை கிடையாது. அன்றைய மதிப்பில் 13 பிட்காயின் என்பது சுமார் 76,000 டாலர், நம் கணக்கில் ஐம்பது லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

பூட்டியது ராபின்ஹூட் என்ற ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்கும் மென்பொருள். சுமார் 10,000 கணினிகள் முடங்கின. ஊருக்கு ஆன செலவையும் வராமல் போன, தாமதமான வருமானத்தையும் சேர்த்து மாநகராட்சியே போட்ட மதிப்பீடு 1.82 கோடி டாலர்.

இந்த நிகழ்வைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஹேக்கர்களைப் பற்றித்தான் எழுதினார்கள். நான் பார்க்க விரும்புவது சிஐஓ நாற்காலியை, அதாவது தலைமைத் தகவல் அலுவலர் உட்காரும் இடத்தை. அப்போது அதில் இருந்தவர் ஃபிராங்க் ஜான்சன். இன்டெல் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் பெரிய பொறுப்பில் இருந்தவர், 2017இல் பியூ அவரைக் கொண்டுவந்தார், மாநகராட்சியில் மிக அதிகச் சம்பளம் வாங்கியவர்களில் ஒருவர். கொண்டுவந்த மேயர் போய் ஒரு வாரம்கூட ஆகாத நேரத்தில் இது வந்து விழுந்தது. அந்த வாரத்தில் அவரால் புதிதாக எடுக்க முடிந்த முடிவுகள் ரொம்பக் கொஞ்சம் என்பதுதான் என் வாதம். மற்றதெல்லாம் அதற்கு முன்பே, பட்ஜெட் கூட்டங்களில், யாரும் பெரிதாகக் கவனிக்காமல், எடுக்கப்பட்டுவிட்ட முடிவுகள். அல்லது எடுக்காமல் தள்ளிப்போட்ட முடிவுகள்.

செவ்வாய்க்கிழமை

முதல் முடிவு, பெரும்பாலான சர்வர்களை நிறுத்துவது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: எது கெட்டது, எது கெடவில்லை என்று தெரியாத நிலையில் எல்லாவற்றையும் நிறுத்தினால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சேவையையும் நீங்களே உங்கள் கையால் கொல்கிறீர்கள். குடிநீர்க் கட்டணம் கட்ட வந்தவர், சொத்துவரி கட்ட வந்தவர், பார்க்கிங் அபராதம் கட்ட வந்தவர் எல்லோரையும் திருப்பி அனுப்ப வேண்டும், அதுவும் எப்போது சரியாகும் என்று சொல்ல முடியாமல். நிறுத்தாமல் விட்டாலோ, அடுத்த அரைமணி நேரத்தில் இன்னும் எத்தனை சர்வர் போகும் என்று யாருக்கும் தெரியாது. பால்டிமோர் நிறுத்தியது. சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். 911 அவசர அழைப்பும், 311 புகார் எண்ணும், தீயணைப்பு, ஆம்புலன்ஸை அனுப்பும் அமைப்பும் தப்பித்தன, அதுதான் அன்றைக்கு இருந்த ஒரே நல்ல செய்தி.

தொழில்நுட்பத் தலைவர் என்றால் அன்று முழுக்க கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார் என்று நினைப்போம். அப்படி இருக்க வழியே இல்லை. மேயர் அலுவலகம், எஃப்பிஐ, நகரின் வழக்கறிஞர், ஒவ்வொரு துறைத் தலைவர், பத்திரிகைகள் என்று ஆளாளுக்கு ஒரே கேள்வி கேட்பார்கள்: எப்போது சரியாகும்? அதற்குப் பதில் அவரிடம் இருக்காது. மெயில் இல்லை, வாய்ஸ்மெயில் இல்லை, ஆக இந்தப் பேச்செல்லாம் ஆட்களின் சொந்த செல்போன்களில்தான் நடக்கவேண்டும். எந்தத் துறையில் யார் எண் யாரிடம் இருக்கிறது என்பதுகூட அன்றைக்கு ஒரு பெரிய விஷயம், ஏனென்றால் அந்தப் பட்டியலும் பூட்டிய சர்வருக்குள்தான் இருந்திருக்கும்.

இந்த ராபின்ஹூட்டின் நடத்தையை ஆராய்ந்தவர்கள் சொன்ன ஒரு விவரம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. பல ரான்சம்வேர்கள் ஒரு கணினிக்குள் நுழைந்தால் அதனோடு இணைந்த பகிர்வு ஃபோல்டர்களையும் சேர்த்துப் பூட்டும். இது அப்படிச் செய்வதில்லை. வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் நெட்வொர்க் பகிர்வு இணைப்புகளை எல்லாம் அதுவே அறுத்துவிடுகிறது. அப்புறம் ஆன்டிவைரஸ், டேட்டாபேஸ், மெயில் என்று கோப்புகளைப் பிடித்துவைத்திருக்கும் சேவைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது, விண்டோஸ் தானாக வைத்திருக்கும் நிழல் பிரதிகளை அழிக்கிறது, அதன்பிறகுதான் பூட்டுகிறது. பக்கத்துக் கணினிக்குத் தானாகத் தாவாது. அப்படியென்றால் ஆயிரக்கணக்கான கணினிகளுக்கு அது எப்படிப் போனது? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அனுப்பப்பட்டிருக்க வேண்டும், அதற்கு அட்மின் உரிமை, அதாவது எல்லாக் கணினிகளிலும் எதையும் மாற்றக்கூடிய அனுமதி வேண்டும். வீட்டுச் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த அறை எங்கே என்று பார்த்து முடித்துவிட்டு, வசதியான ஒரு காலையில் எல்லாக் கதவையும் பூட்டிக்கொண்டு போன மாதிரி. பல நாள்களாக உங்களைக் கவனித்துக்கொண்டிருந்தோம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். அதை மிரட்டல் பேச்சு என்று ஒதுக்க முடியாது.

இதன் விளைவு புரிகிறதா? சிஐஓ-வால் புதன்கிழமை காலையே பேக்கப்பை எடுத்து ஏற்றிவிட முடியாது. சாவி இன்னும் அவர்களிடம் இருந்தால் ஏற்றியதெல்லாம் மறுபடியும் பூட்டப்படும். எந்தக் கணக்குகள் திருடப்பட்டன, எந்த வழியாக வந்தார்கள், இன்னும் உள்ளே இருக்கிறார்களா என்று கண்டுபிடித்து, லாகின் அமைப்பையே அடியிலிருந்து புதிதாகக் கட்டி, கணினிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, அப்புறம்தான் பேக்கப்புக்கே வரமுடியும். "பேக்கப் இருந்தால் போதும்" என்று சொல்பவர்கள் இந்தப் பகுதியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பணத்தைக் கொடுத்துத் தொலைத்திருக்கலாமே?

வார இறுதிக்குள் நாலு நாள் கெடு தாண்டிவிட்டது. 76,000 டாலரைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு 1.82 கோடி டாலர் செலவழித்தார்கள், இதென்ன கணக்கு என்று அப்போதும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் இரண்டு தொகையையும் நேருக்கு நேர் வைப்பது தப்பு.

பணம் கொடுத்தாலும் அவர்கள் உள்ளே வந்த வழி அடைபடாது. கணினிகளைத் துடைக்க வேண்டிய வேலை, லாகின்களை மாற்றும் வேலை, ஆலோசகர்களுக்கான செலவு எல்லாம் அப்படியே இருக்கும். கொடுக்கிற சாவி வேலை செய்தாலும், சர்வர் சர்வராகத் திறந்து, திறந்தது முழுதாக இருக்கிறதா என்று பார்த்து முடிக்கவும் வாரங்கள் ஆகும். 1.82 கோடியில் சுமார் ஒரு கோடி டாலர் சீரமைப்புச் செலவு, அதில் புதிய கருவிகளும் மென்பொருள்களும் அடக்கம். மீதி 80 லட்சத்துக்குச் சற்று மேல், வராமல் போன அல்லது தாமதமாக வந்த வருமானம். எஃப்பிஐ-யும் ரகசிய சேவைப் பிரிவும் கொடுக்காதீர்கள் என்று சொன்னதாக யங் பிறகு விளக்கினார். பணம் கொடுத்தாலும் திறப்பார்கள் என்று உத்தரவாதம் கிடையாது, எப்படியும் பாதுகாப்புக்காக இந்த வேலைகளைச் செய்துதான் ஆகவேண்டும் என்பது அவர் வாதம். நான் அதை ஏற்கிறேன். அந்த ஜூலையில் ஹொனலுலுவில் முடிந்த அமெரிக்க மேயர்கள் மாநாட்டில், யங் முன்னெடுத்த தீர்மானத்தின்படி இனி யாரும் கப்பம் கட்டுவதில்லை என்று மேயர்கள் முடிவெடுத்தார்கள்.

ஆனால் எல்லா ஊராலும் அப்படி நிற்க முடியவில்லை. அதற்குச் சற்று முன்பு, ஜூன் மாதம் ஃபுளோரிடாவில் ரிவியரா பீச் என்ற சிறு நகரம் 65 பிட்காயின் கொடுத்தது, சுமார் 6 லட்சம் டாலர். அதே மாநிலத்தின் லேக் சிட்டி 42 பிட்காயின் கொடுத்தது. லேக் சிட்டிக்குக் காப்பீடு இருந்ததால் நகரத்தின் கையிலிருந்து போனது 10,000 டாலர்தான். அதன்பிறகு தங்கள் தொழில்நுட்ப இயக்குநரை வேலையைவிட்டு நீக்கினார்கள். இந்தக் கடைசி வரியைத்தான் கவனிக்க வேண்டும். பணம் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி, இந்த நாற்காலியில் இருப்பவருக்கு முடிவு பெரும்பாலும் ஒன்றுதான்.

வீடு விற்க முடியாத ஊர்

இனி மக்களின் பக்கம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சிஐஓ-வின் உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது.

பால்டிமோரில் ஒரு வீடு கைமாற வேண்டுமானால் மாநகராட்சியிடமிருந்து ஒரு சான்று வாங்க வேண்டும். அந்த வீட்டின் மேல் குடிநீர்க் கட்டண பாக்கி, சொத்துவரி பாக்கி, அபராதம் எதுவும் நிலுவையில் இருக்கிறதா என்று சொல்லும் சான்று. நம்மூர் வில்லங்கச் சான்று போல என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இது மாநகராட்சிக்குச் சேரவேண்டிய பாக்கிகளுக்கானது. அது இல்லாமல் உரிமைக் காப்பீடு (வீட்டின் உரிமையில் பின்னால் சிக்கல் வந்தால் ஈடுகட்டும் காப்பீடு) கொடுக்கும் நிறுவனங்கள் முன்வராது, காப்பீடு இல்லாமல் வங்கிக் கடன் வராது, கடன் வராமல் பத்திரம் பதியாது. அந்தச் சான்றுக்கான தகவல் பல துறைகளின் சர்வர்களில் சிதறிக் கிடக்கிறது. எல்லாமே நிறுத்தப்பட்டாயிற்று. மே மாதம் என்பது அங்கே வீடு விற்பனை சூடுபிடிக்கும் காலம். பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு, சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, புது வீட்டுச் சாவி கிடைக்காமல் நின்ற குடும்பங்கள் இருந்தன. பேசிய வட்டி விகிதத்தைக் கடன் கொடுப்பவர் இத்தனை நாளைக்குத்தான் மாற்றாமல் பிடித்துவைப்பார், அந்தக் கெடு ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கு வந்த தீர்வு கணினியிலிருந்து வரவில்லை, காகிதத்திலிருந்து வந்தது. பாக்கி ஏதாவது இருப்பதாகப் பின்னால் தெரியவந்தால் பத்து நாளில் கட்டிவிடுகிறேன் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொடுத்தால் சான்று தரலாம் என்று மாநகராட்சி ஒரு ஏற்பாடு செய்தது. மே 20 திங்கட்கிழமை அது தொடங்கியது. தாக்குதல் நடந்து 13 நாள் கழித்து. அவ்வளவு எளிய ஒரு காகிதத்துக்கு ஏன் 13 நாள்? மாநகராட்சியின் சட்டப் பிரிவு, நிதிப் பிரிவு, காப்பீட்டு நிறுவனங்கள், வீட்டுத் தரகர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தக் காகிதம் முன்கூட்டியே எழுதப்பட்டு ஏதாவது ஒரு அலமாரியில் கிடந்திருந்தால் புதன்கிழமையே தொடங்கியிருக்கலாம். அதை எழுதுவது சிஐஓ ஒருவரால் ஆகிற வேலை இல்லை, ஆனால் "உங்கள் சிஸ்டம் ஒரு மாதம் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்" என்று ஒவ்வொரு துறைத் தலைவரையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டியவர் அவர்தான். கேட்டாலும் பதில் சொல்லவைக்கும் அதிகாரம் அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

வீடு விற்பனையைவிட என் மனதை அதிகம் பாதித்தது சுகாதாரத் துறையின் நிலை. பால்டிமோரில் போதைப்பொருள் மரணங்கள் அதிகம். தெருவில் மோசமான போதைச் சரக்கு இறங்கியிருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பகுதியில் வேலை செய்பவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு அங்கே இருந்தது. அதுவும் இந்தத் தாக்குதலில் பாதிக்கப்பட்டது. பார்க்கிங் அபராதத்தைப் பிறகு வசூலித்துக்கொள்ளலாம், வட்டியைத் தள்ளுபடி செய்யலாம். இந்த எச்சரிக்கை ஒரு வாரம் போகாமல் இருந்தால் அதைப் பிறகு எதைவைத்து ஈடுகட்டுவது?

அதனால்தான் சொல்கிறேன், எதை முதலில் மீட்பது என்ற வரிசைதான் அந்த வாரத்தின் மையம். வருமானம் தரும் சர்வரா, உயிர் காக்கும் சர்வரா, மேயரின் மெயிலா? ஒவ்வொரு துறைத் தலைவரும் தன்னுடையதுதான் அவசரம் என்பார், எல்லோர் சொல்வதிலும் உண்மை இருக்கும். அந்த வரிசை முன்பே எழுதப்பட்டு மேயர் கையெழுத்துப் போட்டிருந்தால், சிஐஓ அதைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். எழுதப்படாத ஊரில் யார் குரல் பெரிதோ அவர் சர்வர் முதலில் வரும்.

குடிநீர்க் கட்டண ரசீதுகள் ஆகஸ்ட் வரை போகவே இல்லை. அப்புறம் போனபோது மூன்று மாதக் கட்டணம் ஒன்றாகச் சேர்ந்து வீட்டு வாசலுக்கு வந்தது. ஓய்வூதியத்தில் மாதச் செலவை எண்ணி எண்ணி நடத்தும் ஒரு வயதானவருக்கு அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஊழியர்கள் பாடும் லேசில்லை. மெயில் இல்லாததால் சில துறைகளும் கவுன்சிலர்களின் உதவியாளர்களும் ஜிமெயில் கணக்குகளைத் திறந்து வேலையைத் தொடர்ந்தார்கள். ஒரே இடத்திலிருந்து இத்தனை கணக்கா என்று சந்தேகப்பட்டு கூகுளின் தானியங்கி அமைப்பு மே 23 அன்று அவற்றை முடக்கிவிட்டது, விஷயம் தெரிந்தபிறகு கூகுள் திறந்துவிட்டது. புது லாகின் வாங்க ஒவ்வொரு ஊழியரும் நேரில் வந்து அடையாளத்தைக் காட்ட வேண்டியிருந்தது. வேறு வழியும் இல்லை, மெயிலில் பாஸ்வேர்டு அனுப்ப மெயில் இல்லையே. ஜூன் மாதம் முழுக்க அந்த வேலை ஓடியது.

அந்த வாரத்துக்கு முன்னால்

இது பால்டிமோருக்கு முதல் அடி இல்லை. ஒரு வருடத்துக்குச் சற்று அதிகமான காலத்துக்கு முன், 2018 மார்ச் கடைசியில், 911 அழைப்புகளைக் கையாளும் கணினி அமைப்பில் ரான்சம்வேர் புகுந்தது. ஏதோ கோளாறைச் சரிசெய்யப் போன ஒருவர் ஃபயர்வாலில் (வெளியாரைத் தடுக்கும் பாதுகாப்புச் சுவரில்) திறந்த ஒரு போர்ட், அதாவது ஒரு நுழைவழி, சுமார் ஒரு நாள் திறந்தே கிடந்தது, அதன் வழியாக வந்தார்கள். சுமார் 17 மணிநேரம் அழைப்புகளைக் கையால் எழுதிச் சமாளித்தார்கள். அதே மாதம் 22ஆம் தேதி அட்லாண்டா மாநகராட்சி சாம்சாம் என்ற ரான்சம்வேரில் சிக்கியது, கேட்டது 51,000 டாலர், செலவு 1.7 கோடி டாலர் வரை போகலாம் என்று மதிப்பிட்டார்கள். இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த செய்திகள். 2019 ஏப்ரலில், பால்டிமோருக்கு ஒரு மாதம் முன்பு, வட கரோலினாவின் கிரீன்வில் நகரத்தை இதே ராபின்ஹூட் முடக்கியது.

எச்சரிக்கை உள்ளிருந்தும் வந்தது. மாநகராட்சியின் தகவல் பாதுகாப்பு மேலாளர் 2018 பட்ஜெட் கூட்டத்திலேயே சைபர் காப்பீடு எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். எடுக்கவில்லை. ஜான்சனின் அலுவலகம் 2018இல் வெளியிட்ட ஐந்தாண்டுத் திட்டமே, ஒத்த நகரங்களைவிட பால்டிமோர் தொழில்நுட்பத்துக்குக் குறைவாகச் செலவழிக்கிறது, தொழில்நுட்ப ஆட்கள் துறைக்குத் துறை சிதறிக் கிடக்கிறார்கள் என்று சொன்னது. அதாவது பெயரளவில் ஊர் முழுதுக்கும் ஒரு சிஐஓ, ஆனால் பல துறைகளின் சர்வரை யார் பார்க்கிறார்கள், பேட்ச் (பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் மென்பொருள் திருத்தம்) போட்டார்களா என்று கேட்டுச் செய்யவைக்கும் கை அவருக்கு இல்லை. தாக்குதல் நடந்த அன்றோ பத்தாயிரம் கணினிக்கும் அவரே பொறுப்பு.

சாலை போட்டால் கவுன்சிலர் படம் எடுத்துக்கொள்ளலாம். பேட்ச் போட்டதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? இந்தச் செலவு எந்த ஊர் பட்ஜெட்டிலும் தோற்றுக்கொண்டே வருவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

மே 25 அன்று நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது: அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி, பின்பு வெளியே கசிந்த, விண்டோஸின் ஒரு பாதுகாப்பு ஓட்டை வழியாக நுழையும் எடர்னல்புளூ என்ற கருவிதான் பால்டிமோரில் பயன்பட்டது என்று. ஊரே கொந்தளித்தது, மத்திய அரசு நஷ்டஈடு தரவேண்டும் என்று பேச்சு கிளம்பியது. அப்படி ஒரு ஆதாரமும் இல்லை என்று முகமை தன்னிடம் சொன்னதாக அந்தப் பகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ரூப்பர்ஸ்பெர்கர் சொன்னார். ராபின்ஹூட் மாதிரியைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்களும் அதில் எடர்னல்புளூ இல்லை என்றார்கள். ஒரு பேச்சுக்கு அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சில் வெளியிட்டுவிட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் அது போடாமல் கிடந்தது என்றால் அது வாஷிங்டன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி மட்டும் இல்லை.

ஜான்சன் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. முதல் வாரத்தில் மாநகராட்சி மக்களுக்குச் சொன்னது ரொம்பக் குறைவு, விசாரணை நடக்கிறது என்ற ஒரே பதிலோடு கதவைச் சாத்திக்கொண்டார்கள். கவுன்சில் உறுப்பினர்களே எதுவும் தெரியவில்லை என்று குறைப்பட்டார்கள், கவுன்சில் தலைவர் பிராண்டன் ஸ்காட் விசாரிக்க ஒரு குழு அமைத்தார். முழுதாகச் சரியாகப் பல மாதங்கள் ஆகலாம் என்று மேயர் வெளிப்படையாகச் சொன்னது மே 17இல்தான். அதை முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் வீடு வாங்குபவரும் விற்பவரும் அதற்குத் தகுந்த மாதிரி திட்டம் போட்டிருப்பார்கள். "எப்போது சரியாகும் என்று தெரியாது, ஆனால் இந்த மாதத்துக்குள் எதிர்பார்க்காதீர்கள்" என்பது அரசியல்வாதிக்குக் கசப்பான வாக்கியம், அதை மேயரைச் சொல்லவைப்பதும் சிஐஓ வேலையில் சேர்ந்ததுதான்.

அதோடு, செப்டம்பரில் நகரத் தணிக்கையாளர் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். தொழில்நுட்பத் துறையின் ஊழியர்கள் சிலர் தங்கள் செயல்திறன் தரவுகளைத் தங்கள் கணினியின் ஹார்டுடிஸ்கிலேயே வைத்திருந்தார்கள், பேக்கப் கிடையாது, தாக்குதலில் அது போய்விட்டது. ஊருக்கே பேக்கப் எடுக்கச் சொல்ல வேண்டிய துறையில் இது நடந்தது. இதற்குப் பட்ஜெட்டையோ கவுன்சிலையோ குறைசொல்ல முடியாது.

அந்த மாதமே ஜான்சன் விடுப்பில் போனார், அக்டோபரில் பதவியைவிட்டே போனார்.

டெக்சாஸ், அதே கோடை

ஒரு வாரம் என்பது வேறு மாதிரியும் இருக்கலாம் என்பதற்கு அதே வருடத்தில் ஒரு உதாரணம் கிடைத்தது. ஆகஸ்ட் 16 வெள்ளிக்கிழமை டெக்சாஸில் 22 உள்ளாட்சி அமைப்புகள் ஒரே நேரத்தில் முடங்கின. பெரும்பாலும் சின்ன ஊர்கள், பலவற்றுக்கு ஒரே வெளி நிறுவனம்தான் கணினி வேலை பார்த்துவந்தது. அந்த நிறுவனத்தின் வழியாகத்தான் அவற்றுக்குள் நுழைந்தார்கள். கேட்டது 25 லட்சம் டாலர். யாரும் கொடுக்கவில்லை.

அங்கே மாநிலத்தின் தகவல் வளத் துறை, அமண்டா கிராஃபோர்ட் தலைமையில், இப்படி நடந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்று முன்பே திட்டம் எழுதிவைத்திருந்தது. புயல் வந்தால் திறக்கிற அதே மாநில அவசர நடவடிக்கை மையத்தை அன்றே திறந்தார்கள். தேசியக் காவல்படையின் சைபர் ஆட்கள், டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகக் குழு, எஃப்பிஐ எல்லோரும் ஒரே கூரையின் கீழ். எந்த ஊரில் எது உயிர்நாடியோ அங்கே முதலில் ஆள் போனது. ஆகஸ்ட் 23க்குள் எல்லா இடங்களிலும் அவசரகட்ட வேலை முடிந்து மீட்புப் பணிக்கு மாறியாயிற்று.

டெக்சாஸ் ஊர்களும் பால்டிமோரும் அளவில் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆறு லட்சம் பேர் வாழும் நகரத்தின் லாகின் அமைப்பை ஒரு வாரத்தில் திரும்பக் கட்ட முடியாது. ஆனால் நான் ஒப்பிடுவது வேகத்தை இல்லை. அங்கே வெள்ளிக்கிழமை மதியம் யாரும் யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்கவில்லை. யார் முடிவெடுப்பது என்பது முன்பே காகிதத்தில் இருந்தது.

பால்டிமோர் அந்த அக்டோபரில் 2 கோடி டாலருக்குச் சைபர் காப்பீடு எடுத்தது, பிரீமியம் சுமார் 8,35,000 டாலர். செலவைச் சமாளிக்கப் பூங்காக்களுக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் வைத்திருந்த நிதியிலிருந்து 60 லட்சம் டாலரை ஏற்கெனவே ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள், ஆக கடைசியில் அந்தப் பணத்தின் ஒரு பகுதி குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து வந்தது.

பிடிபட்டார்களா என்று கேட்பீர்கள். 2025 ஜனவரியில் ஈரான் நாட்டைச் சேர்ந்த சினா கோலிநெஜாத் கைதானார். அதே வருடம் மே மாதம் வட கரோலினா கூட்டாட்சி நீதிமன்றத்தில் ராபின்ஹூட் சதியில் தன் பங்கை ஒப்புக்கொண்டார், அதிகபட்சத் தண்டனை 30 வருடம். அமெரிக்க நீதித்துறை அப்போது சொன்ன கணக்குப்படி பால்டிமோரின் நஷ்டம் 1.9 கோடி டாலருக்கு மேல்.